கிணற்றுப்பாசான் என்று சொன்னவர்கள்

கண்ணுகளா, மாமாவின் பிரிண்டிங் ஷெட் ஏன் பூட்டிக் கிடக்கிறது என்று போன வாரம் இரண்டு பேரும் சேர்ந்து கேட்டீர்கள். “ஒரு களைச்செடி மூடிருச்சு” என்று சொல்லிவிட்டு அம்மா குக்கரைப் பார்க்கப் போய்விட்டாள். அவள் சொன்னதில் பொய் இல்லை. ஆனாலும் நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் போய் அதை அப்படியே சொன்னால் சிரிப்பார்கள். அதனால் நடந்ததை நடந்த வரிசையில் எழுதி வைக்கிறேன். அப்பா படித்தது பத்தாவது வரைக்கும்தான். பெரிய எழுத்தெல்லாம் வராது. ஆனால் பனியனில் ஓட்டை இருக்கிறதா, கறை இருக்கிறதா என்று பார்க்கிற செக்கிங் வேலையிலேயே இத்தனை வருசம் ஓட்டியவனுக்கு ஓட்டை எங்கே என்று காட்டத் தெரியும். இந்தக் கதைக்கு அது போதும்.

உங்கள் மாமா ஒரு பெரிய கம்பெனியில் பிரிண்டிங் சூப்பர்வைசராக இருந்தவர். அங்கே இருந்த மேனேஜரிடம் திட்டு வாங்கியது போதும் என்று ஒரு நாள் வெளியே வந்து, வீரபாண்டியில் ஒரு தகர ஷெட்டை வாடகைக்குப் பிடித்து, துணி விரித்து அச்சடிக்க நீளமாக இரண்டு மேசை போட்டார். முதலாளி ஆகிவிட்டார். நம் ஊரில் முதலாளி ஆவதற்கு ஒரு போர்டும் ஒரு விசிட்டிங் கார்டும் இருந்தால் போதும், வேலையைப் பிறகு தேடிக்கொள்ளலாம். “இனி அந்த மேனேஜர் முன்னாடி போயி நான் நின்னா என்னை மனுசன்னு மதிக்காதீங்க மச்சான்” என்று என்னிடம் சொல்லியிருந்தார். ஷெட் போனால் அவர் போய் நிற்க வேண்டிய இடம் அது ஒன்றுதான் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

முதல் பெரிய ஆர்டர் வந்தது. சின்னக் குழந்தைகளுக்கான பனியன், நெஞ்சில் ஒரு செடியின் படம். செடி என்றதும் தாமரை, ரோஜா என்று நினைக்காதீர்கள். பனியனை வாங்குகிற வெளிநாட்டு பையருக்குக் களை வேண்டுமாம். பனியன் தைக்கிற ஊரில், தைக்கிற தெருவில், யாரும் தண்ணீர் ஊற்றாமல் தானாக முளைக்கிற செடி. படத்துக்குக் கீழே அந்தத் தெருக்காரர்கள் அதைக் கூப்பிடுகிற பெயர், தமிழ் எழுத்தில். நாம் கூலி கொடுத்துப் பிடுங்குகிற களையை அவர்கள் காசு கொடுத்து நெஞ்சில் ஒட்டிக்கொள்கிறார்கள் என்றால், வேண்டாம் என்று சொல்ல நாம் யார்?

அந்தச் செடியை நீங்களும் பார்த்திருக்கிறீர்கள். ரோட்டோரம், காம்பவுண்டுச் சுவர் ஓரம், கம்பெனி டாய்லெட்டுக்குப் பின்னால், எங்கும் இருக்கும். உடம்பெல்லாம் தரையோடு படர்ந்து கிடக்கும், ஒரு காம்பு மட்டும் நீளமாகத் தலையைத் தூக்கி நிற்கும். நுனியில் சின்னதாக ஒரு பூ, நடுவில் மஞ்சள், ஓரத்தில் வெள்ளை. வந்த டிசைனில் அதற்குக் கீழே எழுதியிருந்த பெயர், கிணற்றுப்பாசான்.

மாமா அதைப் படித்தார். நான் படித்தேன். அம்மாவிடம் காட்டினோம். “இது ஆருங்க?” என்று கேட்டாள்.

டிசைனை அனுப்பிய கம்பெனியில் ஆர்டரைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர் தம்பி போனில் சொன்னது இவ்வளவுதான்: “ஓட்டுங்கண்ணா, அப்ரூவல் வந்துரும்.” இந்த ஒரு வாக்கியத்தை நம்பி நம் ஊரில் வீடு கட்டியவர்களும் உண்டு, வீட்டை விற்றவர்களும் உண்டு. தாலி கட்டிய பிறகு ஜாதகம் பார்ப்பதற்குத்தான் நம் ஊரில் அப்ரூவல் என்று பெயர். கப்பல் தேதி நெருங்குகிறது என்று மாமா ஞாயிற்றுக்கிழமைகூட விடாமல் அடித்து முடித்தார். அடித்த துணி தையலுக்குப் போய், பனியனாகி, அட்டைப்பெட்டிக்குள்ளும் போய்விட்டது. அப்புறம்தான் அப்ரூவல் வந்தது. கேள்வியாக வந்தது.

பனியனில் தொங்கவிடும் அட்டையில், ‘இந்த உடுப்பு உருவான தெருவில் மக்கள் இந்தச் செடியை இப்படித்தான் அழைக்கிறார்கள்’ என்று இங்கிலீஷில் போடப்போகிறார்களாம். போட்டால் ஆதாரம் வேண்டுமாம். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது, யார் சொல்கிறார்கள், என்ன பேசும்போது சொல்கிறார்கள் என்று பையருக்காக இங்கே வேலை பார்க்கிற பையிங் ஆபீஸிலிருந்து ஒரு மேடம் நேரில் வந்து விசாரிப்பார். பெயர் புழக்கத்தில் இருந்தால் பெட்டி கப்பலேறும். இல்லையென்றால் பெட்டி நிற்கும், நட்டம் பிரிண்டிங்காரர் தலையில் விழும். பருத்திக்குச் சான்றிதழ் கேட்டார்கள், கொடுத்தோம். சாயத்துக்குக் கேட்டார்கள், கொடுத்தோம். இப்போது களைக்கும் பிறப்புச் சான்றிதழ். ‘ஓட்டுங்கண்ணா’ சொன்ன தம்பிக்குத் தான் அப்படிச் சொன்னதே ஞாபகம் இல்லை. பாவம், கல்யாணம்கூட ஆகவில்லை, அதற்குள் மறதி.

முதலில் ஒழுங்காகத்தான் தேடினோம். அதையும் எழுதிவிடுகிறேன். ஒரு செடியை வேரோடு பிடுங்கிக் கவரில் போட்டுக்கொண்டு நான் தெருவில் இறங்கினேன். ஷெட்டுக்குப் பக்கத்தில் ஒரு பேக்கரி. அதன் ஓனர் அந்தத் தெருவிலேயே பிறந்து வளர்ந்தவர். அவரிடம்தான் முதலில் போனேன்.

“இதுக்கு என்ன பேருங்க?”

“வெட்டுக்காயத் தழைங்க. அருவா கிருவா பட்டா கசக்கி வெப்போம். ஏனுங்க, கையில வெட்டிக்கிட்டீங்களா?”

“இல்லீங்க. இதைக் கிணற்றுப்பாசான்னு சொல்லுவாங்களா?”

“ஆரு சொல்லுவாங்க?”

“அதைத்தானுங்க நான் கேக்கறேன்.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, “ஒரு டீ சாப்புடுங்க” என்றார். எதிரில் இருப்பவருக்கு மண்டையில் ஏதோ ஆகிவிட்டது என்று சந்தேகம் வந்தால் அவர் டீ கொடுப்பார்.

எதிரில் வரிசையாகக் கட்டிய லைன் வீடு ஒன்றில் தேனிப் பக்கத்து அக்கா ஒருவர் குடியிருந்தார், டெய்லர். “இது தாத்தாப்பூண்ணே. சின்னப்பிள்ளையில தலையச் சுண்டிவிட்டு விளையாடுவோம். இதுகூடத் தெரியாமயா பனியன்ல அடிச்சீக?” என்றார். மாமாவிடம் மேசை வேலை பார்த்த பீகார்க்காரர் செடியை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, “காஸ்” என்றார். புல் என்று அர்த்தமாம். உங்கள் அம்மா, “எங்கூட்டுல களைன்னு சொல்லுவோம். பேரு வெச்சுக் கூப்புட்டா அப்பறம் பிடுங்க மனசு வருமுங்களா?” என்றாள்.

நாட்டு மருந்துக் கடைக்காரர் ஒருவர்தான் பெயரைக் கேட்டதும் தலையாட்டினார்.

“இருக்குதுங்க, இருக்குதுங்க. புஸ்தகத்துல இருக்குது.”

“எந்தப் புஸ்தகமுங்க?”

“ஏதோ ஒண்ணுல இருக்குது.”

“ஆராச்சும் அப்படிச் சொல்லி உங்ககிட்ட வந்து கேட்டிருக்காங்களா?”

“கேட்டதில்லீங்க. நான் படிச்சதோட செரி.”

இன்டர்நெட்டில் தேடினேன். பக்கம் பக்கமாக வந்தது. சந்தோசமாகப் படிக்க உட்கார்ந்தால் எல்லாப் பக்கத்திலும் ஒரே பத்தி. ஒரே இடத்தில் ஒரே வார்த்தை விட்டுப்போயிருந்தது. எங்கள் செக்கிங்கில் எல்லா பீஸிலும் ஒரே மாதிரி ஓட்டை வந்தால், துணி ஓட்டிய மிஷினில் எங்கேயோ ஒரு ஊசி உடைந்திருக்கிறது என்று அர்த்தம். பீஸ் எத்தனை வேண்டுமானாலும் இருக்கட்டும், ஊசி ஒன்றுதான். அதற்கு மேல் நான் தேடவில்லை.

“மாப்ள, இந்தப் பேரை இந்தத் தெருவுல ஒருத்தரும் சொல்றதில்ல” என்றேன்.

“சொல்ல வெச்சுட்டாப் போச்சு மச்சான்” என்றார் மாமா.

இதைப் படித்து நீங்கள் வாயைப் பிளக்க வேண்டாம். நம் ஊரில் இது பழகின வேலை. ஆடிட் வருகிறது என்றால் தீயணைக்கும் சிலிண்டரில் தேதி புதுசாகும், டாய்லெட்டில் சோப்பு முளைக்கும், மிஷின்களுக்கு நடுவில் தரையில் மஞ்சள் கோடு வரும். ‘எத்தனை மணி நேரம் வேலை?’ என்று கேட்டால் ‘எட்டு’ என்று சொல்லச் சொல்லித் தருவார்கள். எட்டு என்று சொல்லிப் பழகுவதற்காக ஓவர்டைமில் உட்கார வைத்துச் சொல்லித் தருவார்கள். இத்தனையும் செய்த ஊருக்கு ஒரு களைச்செடி எம்மாத்திரம்?

பேக்கரி பெஞ்சில் பாடம் நடந்தது. பேக்கரிக்காரருக்குத்தான் ஆர்வம் அதிகம்.

“கேட்டவொடனே சொல்லிரட்டுங்களா, கொஞ்சம் ரோசனை பண்ற மாதிரி பண்ணிட்டுச் சொல்லட்டுங்களா?”

“ரோசனையெல்லாம் வேண்டாமுங்க, பொட்டாட்டச் சொல்லுங்க, போதும்” என்றார் மாமா.

“ரோசனை பண்ணுனாத்தான நம்புவாங்க? எங்கப்பன் காலத்துலேர்ந்து இதேதான் பேருன்னு ஒண்ணு சேத்திக்கட்டுங்களா?”

“வேண்டாமுங்க. உங்கப்பனை இதுல இழுக்காதீங்க.”

தேனி அக்காவுக்கு மனசு ஒப்பவில்லை. “நாங்க வெளையாண்ட பூவுக்கு நீங்க என்னண்ணே பேரு மாத்துறது?” என்றார். “ஒரே ஒரு நாளைக்குங்க அக்கா” என்று மாமா கும்பிட்டார். கும்பிட்டதால் ஒப்புக்கொண்டார். ஷெட் போய்விட்டால் மாமா எங்கே போய் நிற்க வேண்டும் என்று தெருவுக்கே தெரியும். அதனால்தான் ஒருவரும் முடியாது என்று சொல்லவில்லை. பொய் சொல்வதற்குக்கூட நல்ல மனசு வேண்டியிருக்கிறது, பாருங்கள். உங்கள் அம்மா மட்டும், “ஒரு களைக்காக இத்தனை பேரு பொய் சொல்லோணுமாடா?” என்று கேட்டாள். “பொய் இல்லக்கா, ப்ராக்டீஸ்” என்றார் மாமா.

மேடம் வருகிற நாளுக்கு முன்னால் தெருவைச் சுத்தம் செய்தோம். அதுவும் பழக்கதோசம்தான். ஆடிட் என்றால் சுத்தம். ஆள் விட்டுக் கூட்டி, சுவர் ஓரமெல்லாம் செதுக்கி, பிளீச்சிங் பவுடர் போட்டுவிட்டுப் பார்த்தால் தெரு பளிச்சென்று இருந்தது. மறுநாள் காலையில்தான் மாமாவுக்கு உறைத்தது. மேடம் பார்க்க வருகிற செடியையும் சேர்த்துச் செதுக்கிக் குப்பை வண்டியில் ஏற்றியாகிவிட்டது. ஊரெல்லாம் வேண்டாம் வேண்டாம் என்று முளைக்கிற செடிக்காக நான் வண்டியை எடுத்துக்கொண்டு பல்லடம் ரோட்டில் அலைந்தேன். ஒரு காலி இடத்தில் மண்ணோடு தோண்டி எடுத்து வந்து, சுவர் ஓரம் வரிசையாக நட்டு, குடத்தில் தண்ணீர் ஊற்றினோம். வரிசையாக நடாதீர்கள் என்று சொல்ல ஆள் இல்லை. தன் இனத்திலேயே குடத்துத் தண்ணீர் வாங்கிக் குடித்த செடிகள் அவையாகத்தான் இருக்கும்.

மேடம் வந்தார். கார் நிறுத்த இடம் ஒதுக்கிக் காத்திருந்தோம், அவர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். வயசு கம்மி. ஷெட்டுக்குள் கூப்பிட்டோம், வரவில்லை. நேராகச் சுவர் ஓரம் போய்க் குனிந்து, தலை தொங்கிக் கிடந்த செடிகளைப் பார்த்தார். ஈர மண்ணைத் தொட்டுப் பார்த்தார். விரலில் ஒட்டிய மண்ணைத் துடைத்துக்கொண்டார். பேக்கரிக்கு வந்து கேட்டார்.

“அந்தச் செடிக்கு என்ன பேருங்க?”

பேக்கரிக்காரர் மேலே பார்த்தார், தாடையைத் தடவினார், “கிணற்றுப்பாசானுங்க மேடம்” என்றார். தேனி அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு, “கிணற்றுப்பாசான்” என்றார். தெருவுக்குத் தண்ணி கொண்டுவருகிற லாரிக்காரரையும் பாடத்தில் சேர்த்திருந்தோம், அவரும் அதேதான். பீகார்க்காரரைக் கேட்பார் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை. கேட்டார். அவர் விறைப்பாக நின்று ஒரே மூச்சில், “கினத்துப்பாசான் மேடம்! எட்டு மணி நேரம் மேடம்! ஓவர்டைம் நஹி மேடம்! சண்டே லீவு மேடம்!” என்று சொல்லி முடித்தார். பழைய பாடம் வேறு, புதுப் பாடம் வேறு என்று அவருக்கு யாரும் பிரித்துச் சொல்லவில்லை.

மேடம் சிரிக்கவில்லை. பேக்கரிக்காரரிடமே திரும்பினார். “கடைசியா இந்தப் பேரை எப்ப, யார்கிட்டச் சொன்னீங்க?”

“காத்தாலைங்க. இவருகிட்டத்தானுங்க” என்று மாமாவைக் காட்டினார். “திருப்பித் திருப்பிச் சொல்லச் சொன்னாருங்க.” பொய்க்குப் பயிற்சி கொடுத்த நாங்கள், உண்மையை எங்கே நிறுத்துவது என்று அவருக்குச் சொல்லித் தர மறந்துவிட்டோம்.

மேடம் மாமாவைப் பார்த்தார். “சார், நான் இந்த மாதிரி நிறைய இடத்துல கேட்டிருக்கேன். ஒரு தெருவுல ஒரு செடிக்கு ரெண்டு மூணு பேராவது இருக்கும். தெரியாதுன்னு சொல்றவங்கதான் அதிகம் இருப்பாங்க. இங்க தெரியாதுன்னு ஒருத்தர்கூடச் சொல்லலை. இந்தி பேசறவர்கூட.”

மாமா வாயைத் திறப்பதற்குள் தேனி அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. “நாஞ் சொல்றேன் மேடம். அது தாத்தாப்பூ.”

“வெட்டுக்காயத் தழைங்க” என்றார் பேக்கரிக்காரர், கட்சி மாறி.

“பூவ விட்டுட்டுத் தழையச் சொல்றீக?”

“பூவை வெச்சு என்னங்க பண்றது? காயத்துக்குத் தழையத்தான வெக்கோணும்?”

“எங்க பெருமாநல்லூர்ப் பக்கம் மூக்குத்திப்பூன்னு சொல்லுவாங்க” என்றார் தண்ணி லாரிக்காரர்.

“ஆரு சொல்றது? என்ற மாமியார் ஊடு பெருமாநல்லூருதான். ஒருத்தரும் சொல்லி நான் கேட்டதில்ல” என்றார் பேக்கரிக்காரர்.

“உங்க மாமியார் ஊட்டுல உங்ககிட்டப் பேசுனாத்தானுங்க கேக்கறதுக்கு!”

தெரு கலகலத்தது. மேடத்தின் முகத்தில் அப்போதுதான் சிரிப்பு வந்தது. ஒவ்வொருவரிடமும், யார் சொல்லிக் கேட்டது, எந்த ஊரில், எதற்குப் பயன்படுத்தியது என்று விசாரித்துப் போனில் பதிந்துகொண்டார். அந்தச் செடியே நம் நாட்டுச் செடி இல்லை, அமெரிக்கப் பக்கத்திலிருந்து எப்போதோ வந்து பரவியது என்றும் சொன்னார். கடல் தாண்டி வந்ததற்கு உள்ளூர்ப் பெயர் ஒட்டிக் கடல் தாண்டி அனுப்பப் பார்த்திருக்கிறோம்.

கடைசியில் மாமாவிடம் கேட்டார். “நீங்க இதை என்ன சார் சொல்லுவீங்க?”

அந்தப் படத்தை அத்தனை பனியனிலும் தன் கையால் அடித்தவர் சுவர் ஓரத்துச் செடியைப் பார்த்தார். “நான் ஒண்ணுஞ் சொன்னதில்லீங்க மேடம். எனக்கு இதைக் கூப்புடற வேலையே வந்ததில்ல” என்றார். அன்றைக்கு மாமாவின் வாயிலிருந்து ரிகர்சல் இல்லாமல் வந்த முதல் பதில் அதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும். காலம் கடந்து வந்தது.

“இந்த லாட் போகாது சார்” என்றார் மேடம், குரலைத் தாழ்த்தி. “ஆனா இதே டிசைன் அடுத்த சீசனுக்குத் திரும்ப வருது. யாரும் சொல்லிக் குடுக்காம, தானா, ஒருத்தர் வாயில இந்தப் பேர் வந்து நீங்க கேட்டீங்கன்னா எனக்கு எழுதுங்க. எங்க, யாரு, என்ன பேசினாங்கன்னு எழுதினாப் போதும். இந்த ஷெட்டுக்கே ஆர்டர் குடுக்கச் சொல்றேன்.” நம்பரை எனக்கும் மாமாவுக்கும் கொடுத்தார். பேக்கரியில் டீ குடித்து, எவ்வளவோ தடுத்தும் தானே காசு கொடுத்துவிட்டுப் போனார்.

பெட்டிகள் கப்பலேறவில்லை. கப்பலேறாத பனியன் எங்கே போகுமோ அங்கே போனது. பிளாட்பாரத்தில் கொட்டி ‘எக்ஸ்போர்ட் குவாலிட்டி, எக்ஸ்போர்ட் குவாலிட்டி’ என்று கூவினார்கள். அது ஒன்றுதான் அந்தப் பனியனைப் பற்றி அதுவரை யாரும் சொன்னதில் முழு உண்மை. கொஞ்ச நாளில் நம் ஊர்க் குழந்தைகளில் எதைத் தூக்கினாலும் நெஞ்சில் கிணற்றுப்பாசான்.

மாமா பள்ளிக்கூட விளையாட்டு விழாப் பனியன், கோயில் கும்பாபிஷேகப் பனியன் என்று கிடைத்ததை அடித்து ஷெட் வாடகையைக் கட்டிவந்தார். அவருடைய கண்ணெல்லாம் அடுத்த சீசன்மேல். போகிற இடத்திலெல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு திரிந்தார். என்னைப் பார்த்தால் ‘சாப்பிட்டீங்களா’ என்று கேட்பது நின்றுவிட்டது. “ஆராச்சும் சொன்னாங்களா மச்சான்?” என்றுதான் கேட்பார். மருந்துக் கடைக்காரரையே ஒரு தடவை சொல்ல வைத்துவிடலாமா என்றார். “அவரு படிச்சதைச் சொல்லுவாரு மாப்ள, பேசுனதைச் சொல்ல மாட்டாரு” என்றேன். கோபித்துக்கொண்டு அந்த வாரம் நம் வீட்டுக்கு வரவில்லை.

அப்படி இருக்கும்போது ஒரு நாள் கம்பெனி வேலையாகப் பல்லடம் போயிருந்தேன். திரும்புவதற்குப் பஸ் ஸ்டாண்டில் நின்றேன். பக்கத்தில் ஒரு அம்மா, கையில் இரண்டு பை, காதில் போன். கூட வந்த பெண் குழந்தை சுவர் ஓரமாகப் போய் உட்கார்ந்து ஒரு பூவைக் கிள்ளியது.

“அம்மா, கெணத்துப்பாசா!”

“ஆமா கண்ணு, கெணத்துப்பாசான். கீழ போடு, ஒண்ணுக்குப் போற எடம் அது” என்றாள் அந்த அம்மா. சொல்லிவிட்டுப் போனில் விட்ட பேச்சைப் பிடித்துக்கொண்டாள்.

அவர்கள் என்னைப் பார்க்கக்கூட இல்லை. பாடம் எடுக்கவில்லை, ரோசனை பண்ணும் முகம் இல்லை. பிறந்ததிலிருந்து அந்தச் செடிக்கு அதுதான் பெயர் என்பது மாதிரி வந்தது. மேடம் கேட்டது இதைத்தான். நம் தெருவே சேர்ந்து நடித்தும் வராத ஒன்று, மூத்திரச் சுவர் ஓரத்தில் தானாக முளைத்து நின்றது. குழந்தை பூவைப் போட்டுவிட்டு எழுந்து என் பக்கம் திரும்பியது. துவைத்துத் துவைத்து வெளுத்த பனியன், நெஞ்சில் அதே பூ, கீழே உங்கள் மாமா அடித்த எழுத்து. எழுத்து மட்டும் கொஞ்சமும் விரியவில்லை. மாமாவுக்குத் தொழில் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது.

பஸ் வந்தது. சன்னல் ஓரத்தில் இடம் கிடைத்தது. போனை எடுத்து மேடத்துக்கு எழுதினேன். பல்லடம் பஸ் ஸ்டாண்ட், சுவர் ஓரம், ஒரு தாயும் குழந்தையும், குழந்தை சொன்னது, தாய் சொன்னது, யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. எழுதியதைத் திரும்பப் படித்தேன். ஒரு வார்த்தை பொய் இல்லை. அனுப்பினால் மாமாவுக்குப் போன் வரும், ஷெட்டுக்கு ஆர்டர் வரும். கண்டக்டர் வந்து டிக்கெட் கொடுத்துவிட்டுப் போனார். அதுவரைக்கும் போனைக் கையிலேயே வைத்திருந்தேன். பிறகு கீழே இன்னொரு வரி சேர்த்தேன்: ‘குழந்தை போட்டிருந்தது நாங்க அடிச்ச பனியன்தாங்க மேடம். அதைப் படிச்சுத்தான் அந்தப் பேரு வந்திருக்கோணும்.’ அதையும் ஒரு தடவை படித்துப் பார்த்துவிட்டு அனுப்பினேன்.